‘வளரும் நாடு’ என்று எழுதுமுன்

விஜய்நகர், ஹேவ்லாக், அந்தமான்
13 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் செய்தி வந்து எட்டு நாளாகிறது. போனிலேயே ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. நீ கேட்டது சின்னக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் நான் இங்கே வந்த நாளிலிருந்து எனக்குள்ளே கிடக்கிற கேள்வி அது. மூன்று நாளாகக் கடல் சரியில்லை. போர்ட் பிளேயரிலிருந்து வரும் கப்பல்களில் பாதி ஓடவில்லை. ரிசார்ட்டில் இரண்டே அறையில்தான் ஆள் இருக்கிறார்கள். ரிசப்ஷன் மேசையில் மழையைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஆங்கிலச் செய்தியில் ‘டெவலப்பிங்’ என்று வரும் இடத்தில் ‘வளரும் நாடுகள்’ என்று நீ போட்டாய். உன் செய்தி மேசையின் மூத்தவர் அதை அடித்துவிட்டுப் ‘பின்தங்கிய நாடுகள்’ என்று திருத்தினார். வாசகருக்கு அதுதான் புரியும் என்றார். எது சரி என்று கேட்கிறாய்.

அவர் திருத்தியது சரியில்லை. நீ போட்டதும் முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன டிசம்பரில் ஒரு ராத்திரி. சாப்பாட்டு நேரம். காற்றில் ஒரு பெரிய கிளை மின்கம்பியில் விழுந்து, தீவில் பாதி இருட்டாகிவிட்டது. எங்கள் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளச் சில நிமிடம் ஆகும். நான் மெழுகுவர்த்தியோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதானவர், நல்ல மனிதர், காலையில் என் பெயரை இரண்டு தடவை கேட்டுச் சரியாக உச்சரிக்கப் பழகியவர், தன் மனைவியிடம் திரும்பி ‘மூன்றாம் உலகம்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். உன் மச்சான் அந்த நேரத்தில் பவர் ஹவுஸிலிருந்து கிளம்பி, அந்தக் கம்பியைத் தேடி டார்ச்சோடு சேற்றில் நடந்துகொண்டிருந்தார். இந்தத் தீவுக்கு மின்சாரம் டீசலில் ஓடுகிறது. அந்த டீசல் கப்பலில் வருகிறது. ஒரு பல்பு எரிய இங்கே எத்தனை பேர் கை வேண்டும் என்று எனக்குத் தெரியும். கரண்ட் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது. அந்தச் சொல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அதன் பிறப்பைத் தேடிப் படித்தேன். ‘மூன்றாம் உலகம்’ வசைச்சொல்லாகப் பிறக்கவே இல்லை, தெரியுமா? 1952 ஆகஸ்டில் அல்ஃப்ரெட் சோவி என்ற பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையில் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் அந்த நாட்டில் மூன்று அடுக்குகள் இருந்தன: குருமார், பிரபுக்கள், மற்ற எல்லோரும். உழைத்தவர்களும் வரி கட்டியவர்களும் அந்த மூன்றாம் அடுக்குதான். ஆனால் அதற்கு மதிப்பில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் அமெரிக்கா பக்கமும் சோவியத் பக்கமும் சேராத நாடுகளுக்கு அந்தப் பெயரை வைத்தார். புரட்சி செய்யப்போகிறவர்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1955 ஏப்ரலில், இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது அந்தப் பெயருக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அது எப்படிக் கரண்ட் போனால் சொல்லும் வார்த்தையாக இறங்கியது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் உனக்கு முதல் வேண்டுகோள்: வரலாறு சொல்லும்போது தவிர ‘மூன்றாம் உலக நாடு’ என்று எழுதாதே.

இனி உன் சொல்லுக்கு வருகிறேன். அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் நம் மாதிரி நாடுகளைப் ‘பேக்வர்ட்’ என்றே எழுதினார்கள். 1949 ஜனவரி 20-ல் அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் பதவியேற்பு உரையில் நான்காவது அம்சமாக ஒன்றைச் சொன்னார்: ‘அண்டர்டெவலப்ட்’ பகுதிகளுக்குத் தங்கள் விஞ்ஞானத்தையும் தொழில்நுட்பத்தையும் கொடுத்து உதவுவோம் என்று. சொல் அதற்கு முன்பே இருந்தது. அன்றைக்குத்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. நமக்கு அப்போது விடுதலை கிடைத்துப் பதினேழு மாதம். புதிதாக ஒரு கொடி கிடைத்தது, கூடவே ஒரு அடைமொழியும் கிடைத்தது. பிறகு அந்தச் சொல் குத்துகிறது என்று ‘டெவலப்பிங்’ என்று மாற்றினார்கள். இன்னும் ஏழை நாடுகளுக்கு ‘லீஸ்ட் டெவலப்ட்’ என்று 1971-ல் ஐ.நா. தனிப் பட்டியலே போட்டது. பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, கவனித்தாயா? ஒவ்வொரு பெயரும் கொஞ்ச நாளில் பழைய பெயரின் கறையை வாங்கிக்கொள்கிறது.

‘டெவலப்’ என்ற சொல்லுக்கு வேரில் என்ன பொருள் என்று பார்த்தேன். சுற்றியிருப்பதை அவிழ்ப்பது, உறையைப் பிரிப்பது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. எனக்கு உடனே அப்பாவின் ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே, தட்டில் கிடக்கும் வெள்ளைக் காகிதத்தில் மெல்ல மெல்ல ஒரு முகம் எழுந்து வருமே, நாம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போமே, அதற்கும் இங்கிலீஷில் இதே சொல்தான். அப்பா ‘பிலிம் கழுவறேன்’ என்பார். உருவம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வெளியே வருவது மட்டும்தான் பாக்கி. அந்தப் பொருளில் ஒரு நாட்டைச் சொன்னால் அதில் மரியாதை இருக்கிறது.

தமிழில் நாம் எடுத்துக்கொண்டது ‘வளர்’. நல்ல சொல். ஆனால் அது நம் வீட்டுச் சொல். ‘வளர்ற பிள்ளை, இன்னும் ரெண்டு இட்லி வச்சுக்க’ என்று அம்மா சொல்வாளே, அந்த வாசனை அதில் இருக்கிறது. ‘வளரும்’ என்றால் பிள்ளை. ‘வளர்ந்த’ என்றால் பெரியவர். பெரியவர் சொல்ல, பிள்ளை கேட்க வேண்டும். அதோடு ‘வளர்ந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். வேலை முடிந்துவிட்டது என்கிறது. எந்த நாட்டுக்கு முடிந்தது? ‘வளரும்’, ‘வளர்ந்து வரும்’ இரண்டில் எனக்கு இரண்டாவது கொஞ்சம் பிடிக்கும், அதில் வந்த வழியும் தெரிகிறது என்பதால். இலங்கைத் தமிழர் ‘அபிவிருத்தி அடைந்து வரும் நாடுகள்’ என்று எழுதுவார்கள். நீளம்தான், ஆனாலும் பிள்ளை வாசனை இல்லை.

இந்தத் தீவில் இருப்பதால் மற்ற மொழிகளிலும் கேட்டுப் பார்க்க முடிகிறது. இங்கே பொதுமொழி இந்தி. அதில் ‘விகாஸ்ஷீல்’. விகாஸ் என்றால் மலர்தல். மலரும் இயல்புடையது என்று பொருள் வருகிறது. வங்காளிகள் ‘உன்னயன்ஷீல்’ என்கிறார்கள். மேலே கொண்டுபோவது என்ற வேர். ஒரே ஆங்கிலச் சொல், ஒரு மொழியில் பூவாகவும் ஒரு மொழியில் ஏற்றமாகவும் நம் மொழியில் பிள்ளையாகவும் ஆகியிருக்கிறது. பவர் ஹவுஸ் வேலைக்காரர்களுக்கு டீ கொண்டுபோகும்போது இதைச் சொன்னேன். ஒரு மலையாளி ‘எங்களிடமும் விகாசம்தான்’ என்றார்.

ஆனால் தம்பி, இதெல்லாம் மேல்பூச்சு. ‘பின்தங்கிய’ என்ற சொல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அது தன்வினை. தானே மெதுவாக நடந்து, தானே பின்னால் நின்றுவிட்டான் என்கிறது. யாரும் தள்ளவில்லை, யாரும் வழியை மறிக்கவில்லை.

இதே சொல்லை நம் ஊரில் சாதி விஷயத்தில் நாம் திருத்தி முடித்துவிட்டோம். ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘பேக்வர்ட் கிளாஸ்’ என்றுதான் அரசு எழுதுகிறது. தமிழில்? ‘பிற்படுத்தப்பட்டோர்’. உன் சாதிச் சான்றிதழை எடுத்துப் பார். 1989-ல் தனி இடஒதுக்கீடு வந்தபோது ‘மிகவும் பிற்படுத்தப்பட்டோர்’. அதேபோலத் ‘தாழ்ந்தவர்’ இல்லை, ‘தாழ்த்தப்பட்டவர்’. ஒரு ‘படுத்து’, ஒரு ‘த்து’ சேர்த்ததும் சொல்லுக்குள் ஒரு செயல் வந்துவிட்டது. செய்தவன் யார் என்று கேட்டே தீர வேண்டிய நிலைமையும் வந்துவிட்டது. இது மேடையிலும் பத்திரிகையிலும் போராடிக் கொண்டுவந்த இலக்கணம். ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு நேர்மை இந்த இடத்தில் தமிழுக்கு வாய்த்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, நாடுகள் என்று வந்ததும் மறுபடியும் ‘பின்தங்கிய’ என்று எழுதலாமா?

ஆங்கிலத்திலேயே ஒருவர் இதைச் செய்து பார்த்தார். கயானாவைச் சேர்ந்த வரலாற்று அறிஞர் வால்டர் ராட்னி. 1972-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் ‘அண்டர்டெவலப்ட்’ என்பதை அடைமொழியாக வைக்காமல், ஒருவர் இன்னொருவருக்குச் செய்கிற வினையாக வைத்தார். ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பிற்படுத்தியது என்பது அந்தத் தலைப்பின் சாரம். ஆங்கிலக் காதுக்கு அது முரடாகக் கேட்கிறது. தமிழில் சொன்னால் இயல்பாக வந்து உட்கார்கிறது. 1980-ல் ஜார்ஜ்டவுனில் குண்டு வைத்து அவரைக் கொன்றார்கள். 38 வயது. நம் பக்கத்தில் தாதாபாய் நௌரோஜி அவருக்கு எழுபது ஆண்டு முன்பே இந்தியாவின் செல்வம் எப்படி வடிந்து போகிறது என்று கணக்குப் போட்டு 1901-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார்.

என் பக்கத்து வீட்டு மாசிமாவைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். கைக்குழந்தையாகக் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். ஐம்பதுகளில் அரசாங்கம் அந்த அகதிக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து காட்டைக் கொடுத்தது. வெட்டி, எரித்து, வயலாக்கினார்கள். கோவிந்த்நகர், ஷ்யாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர் எல்லாம் அவர்கள் வைத்த பெயர்கள். கண்ணன் பெயரை வைத்துக்கொண்டால் ஊர் போலிருக்கும் என்று. மாசிமாவிடம் உங்கள் அப்பா அம்மா ஏழைகளா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. வீட்டில் குளம் இருந்தது, படகு இருந்தது, பாக்குமரம் இருந்தது என்று அம்மா சொல்வாள் என்றார். அப்புறம் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று என்றார். அவ்வளவுதான்.

அந்த ஊர் இன்றைக்கு வங்கதேசம். 1975 முதல் ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் இருக்கிறது. 2026 நவம்பரில் வெளியே வர நாள் குறித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் டாக்கா மஸ்லினை உலகமே வாங்கியது. 1765-ல் வங்காளத்தின் வரிவசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. 1770-ல் பெரும்பஞ்சம். வெள்ளையர் ஆட்சியின் கடைசியில், 1943-ல், இன்னொரு பஞ்சத்தில் முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள். அந்த மண்ணைப் ‘பின்தங்கியது’ என்று எழுத எனக்குக் கை வராது.

ஆனால் இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்திலும் ‘பிற்படுத்தப்பட்ட நாடுகள்’ என்று போடு என்று நான் சொல்லவில்லை. போட்டால் அதன் பின்னால் சில ஆட்கள் சுகமாக ஒளிந்துகொள்வார்கள். விடுதலைக்குப் பிறகு ஆண்டவர்கள் செய்ததும் செய்யாததும் இருக்கிறதே. எல்லாப் பழியையும் 1765-ல் போய் இறக்கிவைப்பது சரியில்லை.

இந்தத் தீவையே எடுத்துக்கொள். இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காடு, நாங்கள் வந்துதான் ஊராக்கினோம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒன்றும் இல்லாமல் இல்லை. இந்தத் தீவு இருக்கும் ரிச்சி தீவுக்கூட்டம் அகர்-பாலே மக்களுடையது. பெரிய அந்தமானியர்களில் ஒரு பிரிவு, தனி மொழி. 1858-ல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு, நோய் வந்து, 1877-ல் தட்டம்மை வந்து, அந்த மக்கள் கரைந்து போனார்கள். அவர்கள் மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. நான் உட்கார்ந்திருக்கும் இந்தக் கடற்கரைக்கு அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று மாசிமாவைக் கேட்க முடியாது. இப்போது இது ‘பாஞ்ச் நம்பர்’, ஐந்தாம் எண். தீவுக்கு 1857-ல் கான்பூரைத் திரும்பப் பிடித்த ஜெனரல் ஹேவ்லாக்கின் பெயர். 2018 டிசம்பர் 30-ல் ‘ஸ்வராஜ் த்வீப்’ என்று மாற்றினார்கள். டிக்கெட்டில் அதுதான், வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். மிச்சமிருக்கும் அந்தமான் பழங்குடிகளை நம் அரசே ‘ப்ரிமிட்டிவ்’ என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. 2006-ல்தான் அந்தச் சொல்லை நீக்கி, குறிப்பாக எளிதில் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்று மாற்றியது. ட்ரூமன் நம்மைப் பார்த்துச் சொன்னதை நாம் இவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் வேலைக்கு உதவும்படி இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். ‘டெவலப்பிங்’ என்பதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் யார் வளர்ந்து வரும் நாடு என்பதற்கு வரையறை கிடையாது. நாடே தன்னை அப்படி அறிவித்துக்கொள்ளலாம். அறிவித்தால் சில சலுகை, சில கால அவகாசம். 1964-ல் ஜெனிவாவில் 77 நாடுகள் சேர்ந்து அந்தப் பெயரைத் தாங்களே தாங்கிக்கொண்டன. நியாயமான விலை கேட்கத்தான். அதனால் அந்தச் சொல்லை வெறும் அவமானம் என்று தூக்கிப்போடவும் முடியாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம், மானியத்துக்கு எதிரான வரி விதிகளுக்காக வைத்திருந்த வளரும் நாடுகள் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டது. உலக வர்த்தகத்தில் பங்கு அதிகம், ஜி20-ல் இருக்கிறது என்று காரணம். நம் ஊர் நெசவாளி வீட்டில் அன்றைக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை.

அதே நாட்டுக்கு முதலீட்டாளரிடம் வேறு பெயர். 1981-ல் சர்வதேச நிதிக் கழகத்தில் இருந்த ஆன்ட்வான் வான் ஆக்ட்மேல், மூன்றாம் உலகப் பங்கு நிதி என்று சொன்னால் யாரும் பணம் போட மாட்டார்கள் என்று புரிந்து, ‘எமர்ஜிங் மார்க்கெட்’ என்ற பெயரைக் கண்டுபிடித்தார். உதவி கேட்டால் வளரும் நாடு, பங்கு விற்றால் எழும் சந்தை. செய்தியில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்தாலே பேசுவது யார் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

புள்ளிவிவரம் வைத்திருப்பவர்களே இந்தப் பிரிவை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். உலக வங்கி 2016-ல் தன் புள்ளிவிவரத் தொகுப்பில் அதைக் கைவிட்டது. இப்போது வருமானத்தை வைத்து நான்கு படி, நாம் கீழ்நடுத்தரத்தில். ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவு 2021 டிசம்பரில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.நா. வர்த்தக மாநாடு தென்கொரியாவை வளரும் பக்கத்திலிருந்து வளர்ந்த பக்கத்துக்கு மாற்றியது. 1964-ல் அந்த மாநாடு தொடங்கிய பிறகு அப்படி மாறிய முதல் நாடு.

மாலத்தீவின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு இந்தப் பட்டியல்கள் மேல் இருந்த பிரமிப்பு போனது. மிகக் குறைந்த வளர்ச்சிப் பட்டியலிலிருந்து மாலத்தீவை விடுவிக்க 2004 டிசம்பர் 20-ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆறு நாள். டிசம்பர் 26 காலையில் சுனாமி. நிக்கோபாரைச் சிதைத்த அதே அலை அங்கேயும் போய் அடித்தது. தீர்மானத்தைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று; 2011-ல்தான் வெளியே வந்தார்கள். அந்த ஆறு நாளில் அந்த மக்கள் எந்தவகை மக்கள், சொல்? நம் நாடு அப்போது வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. ‘வளரும்’ என்ற அடைமொழி நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

ஆகவே நீ எழுதும்போது, ஐ.நா. பட்டியல் என்றால் பட்டியலின் பெயரை அப்படியே போடு. உலக வங்கி என்றால் வருமானப் பிரிவைப் போடு. யாராவது பேசினது என்றால் அவர் சொன்ன சொல், அவர் பெயரோடு. மற்ற இடங்களில் அடைமொழியே வேண்டாம். என்ன இல்லையோ அதைச் சொல். ‘வளரும் நாடுகளில் மின்தட்டுப்பாடு’ என்பதை விட எந்த ஊரில், எத்தனை மணி நேரம், யாருக்கு என்று எழுது. நாடுகளை மொத்தமாகச் சொல்லியே ஆக வேண்டுமானால் ‘வளர்ந்து வரும்’ போதும். மூத்தவர் கேட்டால் சாதிச் சான்றிதழைக் காட்டு. மரியாதையாகக் காட்டு, அவர் புரிந்துகொள்வார். நம் ஊரில் வளர்ந்தவர்தானே அவரும்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்ததிலிருந்து இந்தத் தீவில் என் மகளும் வீடியோவில் பாட்டியைப் பார்க்கிறாள். அதற்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பவே பாதி ராத்திரி ஆகும். இதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி, எனக்கு வேண்டியது இதுதான்.

மழை விட்டிருக்கிறது. நாளைக்குக் கப்பல் ஓடும் என்று ஜெட்டியிலிருந்து சொன்னார்கள். முதல் கப்பலில் போகிறவர் ஒருவரிடம் இதைக் கொடுத்துப் பிளேயரில் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

இன்னொன்று. அம்மாவின் பீரோவில், கீழ்த்தட்டில், பழைய பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு டப்பா இருக்கும். அப்பா கடைசியாக எடுத்த ரோல். கழுவவே இல்லை. மதுரையில் இன்னும் பிலிம் கழுவித் தருகிறவர் யாராவது இருந்தால் கொடு. நாள் ஆகிவிட்டது என்று சொல்வார்கள். பரவாயில்லை, கழுவச் சொல். அதில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அக்கா